மூட்டில் நுழையும் வேர்: வீட்டுச் சாக்கடைக் குழாய்ப் பழுதுபார்ப்பின் வரலாறு

வீட்டின் கழிவறை, குளியலறை, சமையலறைக் கழிவுநீரைத் தெருவின் பொதுச் சாக்கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மண்ணடிக் குழாய் வீட்டிணைப்புக் குழாய் எனப்படுகிறது. பெரும்பாலும் 4 முதல் 6 அங்குல விட்டம் கொண்ட இந்தக் குழாய் வாசல் முற்றத்துக்கும் நடைபாதைக்கும் அடியில் செல்கிறது. நகரங்களில் மரங்கள் நிற்பதும் அந்த இடத்தில்தான். குழாய்க்குள் வேர் புகுந்தால் நீர் தேங்கும், கழிவறை பொங்கும், வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில் கழிவுநீர் கசியும். இந்தப் பழுதும் அதைச் சரிசெய்யும் தொழிலும் 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சுட்ட மண் குழாயோடு பிறந்து வளர்ந்தவை. வேரை வெட்டும் கருவிகள், வேரைக் கொல்லும் நஞ்சுகள், குழாயை மாற்றும் முறைகள் என்று பலவும் அடுத்தடுத்து வந்தன. அவற்றுள் நிலைத்த பலன் தந்தவை குழாயின் மூட்டைச் சரிசெய்த முறைகளே.

மலக்குழியிலிருந்து குழாய்க்கு

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை லண்டன் வீடுகளின் கழிவு, வீட்டடியிலோ கொல்லையிலோ இருந்த மலக்குழிகளில் சேர்ந்தது. தெருச் சாக்கடைகள் மழைநீருக்கென்றே இருந்தன. வீட்டுக் கழிவை அவற்றில் விட 1815-இல் அனுமதி கிடைத்தது. நீரூற்றிக் கழுவும் கழிவறைகள் பெருகியதும் மலக்குழிகள் நிரம்பி வழிந்தன. 1832-இலும் 1848-49-இலும் காலரா நகரைத் தாக்கியது. தொழிலாளர் குடியிருப்புகளின் சுகாதாரம் பற்றி எட்வின் சாட்விக் 1842-இல் அளித்த அறிக்கை, கழிவை வீட்டை விட்டு நீரோட்டத்தோடு வெளியேற்றும் குழாய் அமைப்பை வலியுறுத்தியது. 1848-க்குப் பின் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் சுமார் 30,000 மலக்குழிகள் மூடப்பட்டு வீடுகள் சாக்கடையோடு இணைக்கப்பட்டன.

அவ்வளவு கழிவும் தேம்ஸ் ஆற்றில் கலந்ததால் 1858 கோடையில் நகரமே நாறியது. அதன் பிறகுதான் ஜோசப் பேசல்ஜெட் வடிவமைத்த பெரிய செங்கல் சாக்கடைகள் எழுந்தன. வரலாற்று நூல்கள் பெரிதும் பேசுவது அந்தச் செங்கல் சாக்கடைகளையே. வீட்டையும் அவற்றையும் இணைத்த சிறிய குழாய்களின் கதை அதிகம் எழுதப்படவில்லை. லாம்பெத் பகுதியில் ஹென்றி டௌல்ட்டன் 1846-இல் கழிவுநீருக்கான கண்ணாடிப் பூச்சுள்ள சுட்ட மண் குழாய்களைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். சூளை நன்றாகச் சூடேறியதும் அதில் உப்பை அள்ளிப் போடுவார்கள். உப்பின் ஆவி மண்ணோடு வினைபுரிந்து, நீர் ஊறாத வழவழப்பான மேற்பூச்சாகப் படியும். அமிலமோ காரமோ இந்தக் குழாயை எளிதில் அரிப்பதில்லை.

அமெரிக்காவில் சிகாகோ நகரம் 1855-இல் எல்லிஸ் செஸ்பரோவைப் பொறியாளராக அமர்த்தி, அந்நாட்டின் முதல் முழுமையான நகரச் சாக்கடை அமைப்பைக் கட்டத் தொடங்கியது. பிற நகரங்களும் பின்தொடர்ந்தன. ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் பகுதி மண் குழாய்த் தொழிலின் பெரிய மையமாக வளர்ந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக மண்ணில் கிடந்தும் உடல் கெடாத மண் குழாய்கள் இன்றும் இரு நாடுகளிலும் பயன்பாட்டில் உள்ளன.

மூட்டு என்னும் பலவீனம்

சூளையில் சுடும் குழாயை நீளமாகச் செய்தால் கோணிவிடும். அதனால் பழைய மண் குழாய்கள் இரண்டு, மூன்று அடி நீளத்திலேயே வந்தன. ஒரு முனையில் அகன்ற வாய் இருக்கும். அடுத்த குழாயின் முனையை அந்த வாய்க்குள் செருகி, இடைவெளியில் தார் தோய்த்த சணலைத் திணித்து, மேலே சிமென்ட் கலவையைப் பூசுவார்கள். வீட்டிலிருந்து தெருவுக்கு 60 அடி தொலைவு என்றால் 20 முதல் 30 மூட்டுகள் வரும். அத்தனையையும் குறுகிய பள்ளத்துக்குள் குனிந்தபடி ஒருவர் கையாலேயே பூசியாக வேண்டும். குழாயின் அடிப்புறத்தில் கை சரியாக எட்டாது, அங்கே பூச்சு பிடித்திருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது.

சிமென்ட் காயும்போது சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். மண் சற்று அமிழ்ந்தாலும் விறைப்பான அந்தப் பூச்சு உடைந்துபோகும். நீர் ஓடுவதற்கு அந்த வெடிப்புகள் தடையாக இல்லாததால் யாரும் பொருட்படுத்தவில்லை. வேருக்கு அந்த இடைவெளியே போதுமானதாக இருந்தது.

வேர்கள் தொலைவிலிருந்தே குழாயை மோப்பம் பிடித்து வருவதாக ஒரு நம்பிக்கை உண்டு. உண்மையில் வேர் நுனிகள் எல்லாப் பக்கமும் பரவுகின்றன. ஈரமும் காற்றும் சத்தும் கிடைக்கும் பக்கத்தில் செழிக்கின்றன. குழாய் பதித்த பள்ளத்தை மூடிய மண், சுற்றியுள்ள மண்ணைவிட இளக்கமானது. குழாய்க்குள் ஓடும் நீர் பெரும்பாலும் மண்ணைவிட வெதுவெதுப்பானது. வெடிப்பின் வழியே வெளியேறும் ஆவியும் கசிவும் அந்த இளக்கமான மண்ணை ஈரமாக வைத்திருக்கும். அங்கே வந்த சல்லிவேர் ஒன்று மயிரிழை வெடிப்பில் நுழைந்துவிட்டால், உள்ளே ஈரமும் காற்றும் உணவும் ஒருசேரக் கிடைக்கின்றன. நுழைந்த வேர் ஆண்டுதோறும் பருத்து, ஆப்பு அடித்ததுபோல் மூட்டை அகலத் திறக்கிறது.

நீர் எப்போதும் ஓடும் பெரிய சாக்கடையில் வேர்கள் மேலிருந்து திரைபோலத் தொங்கி நீரைத் தொடும். விட்டுவிட்டு நீர் ஓடும் வீட்டிணைப்புக் குழாயில் அவை குதிரைவால்போல நீண்டு முழுக் குறுக்களவையும் அடைத்துக்கொள்ளும். அந்த வேர்த்திரளில் காகிதமும் கொழுப்பும் சிக்க, அடைப்பு முற்றுகிறது. பெரிய சாக்கடைகளைவிட வீட்டுக் குழாய்களே அதிகம் துன்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெரு மரங்களும் தடைகளும்

சாக்கடைக் குழாய்கள் பதிக்கப்பட்ட அதே காலத்தில்தான் அமெரிக்க நகரங்களில் தெருவோர மரம் நடும் இயக்கமும் வளர்ந்தது. புதிதாக எழுந்த புல்வெளி நகரங்களுக்கு விரைவில் நிழல் தேவைப்பட்டது. எல்ம், வெள்ளி மேப்பிள், பாப்லர், வில்லோ ஆகியவை பெருமளவில் நடப்பட்டன. விரைந்து வளரும் மரத்துக்கு விரைந்து பரவும் வேரும் மிகுந்த நீர்த்தேவையும் இருப்பது இயல்பு. மரங்கள் முதிர்ந்தபோது மூட்டுகளும் பழையதாகியிருந்தன. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் வீட்டுக்காரர்களும் நகராட்சிகளும் ஒருசேர இந்தத் தொல்லையைச் சந்தித்தனர். சாக்கடையை அடைப்பதற்காகவே கரோலினா பாப்லர் மரத்தைத் தெருவோரம் நடக் கூடாது என்று அமெரிக்க நகரங்கள் பல தடை விதித்தன.

மரத்தைத் தடைசெய்வதில் ஓரளவுதான் பலன் கிடைத்தது. ஏற்கெனவே நிற்கும் மரங்களின் நிழலையும் அழகையும் யாரும் இழக்க விரும்பவில்லை. மரத்தை வெட்டிய பிறகும் சில இனங்களில் அடிக்கட்டை துளிர்த்து, வேர் பல காலம் உயிரோடு இருந்தது. வேறு இன மரத்தை நட்டாலும் திறந்த மூட்டு திறந்தபடியே இருந்ததால், அதன் வேர் உள்ளே வருவதற்குத் தடையேதும் இல்லை.

கழியும் கடப்பாரையும்

இயந்திரம் வருவதற்கு முந்தைய பழுதுபார்ப்பில் இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி, ஒன்றோடொன்று பூட்டக்கூடிய பிரம்பு அல்லது மரக் கழிகளை நுனியில் கொக்கியோ திருகோ மாட்டிக் குழாய்க்குள் தள்ளுவது. நேரான குழாயில் காகித அடைப்பை இது நீக்கும். பின்னிய வேர்த்திரளில் ஒரு துளை மட்டுமே போடும். சில வாரங்களில் அந்தத் துளையும் அடைந்துவிடும்.

இரண்டாவது வழி தோண்டுவது. அடைப்பு எங்கே என்று அறிய, கழி எத்தனை அடி உள்ளே போனது என்பதை அளந்து, தரையில் அதே தொலைவைக் குறித்துப் பள்ளம் வெட்டுவார்கள். குழாய் வெளிப்பட்டதும் மூட்டை உடைத்து, வேர்த்திரளை இழுத்து எடுத்து, புதுக் குழாய்த் துண்டைப் பொருத்தி மீண்டும் சணலும் சிமென்ட்டும் வைப்பார்கள். குழாய் ஆறு, எட்டு அடி ஆழத்தில் இருந்தால் பள்ளத்தின் பக்கங்களுக்குப் பலகை கட்டி முட்டுக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்யாத பள்ளங்கள் சரிந்து தொழிலாளர்கள் உயிரிழப்பது இந்தத் தொழிலின் நீங்காத அபாயமாக இருந்தது. முற்றம், நடைபாதை, தோட்டம் எல்லாம் பாழாகும். செலவும் பெரிது. புதிய மூட்டும் பழைய முறையிலேயே பூசப்பட்டதால், சில ஆண்டுகளில் வேர் அதே இடத்துக்குத் திரும்பியது.

சுழலும் கத்தி

தோண்டாமலே வேரை வெட்டும் கருவி அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டெ மொய்ன் நகரில் உருவானது. மகன் குடியிருந்த வீட்டின் சாக்கடைக் குழாய் வேர்களால் அடைபட்டது சாமுவேல் பிளாங்க்கை இந்த முயற்சியில் இறக்கியது. துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டார், உருளைச் சறுக்குக் காலணியின் சக்கரங்கள், எஃகுக் கம்பிவடம் ஆகியவற்றைச் சேர்த்து, நுனியில் கத்திகள் சுழலும் ஓர் இயந்திரத்தை அவர் அமைத்தார். வடம் வளைவுகளில் வளைந்து சென்றது. கத்தி குழாயின் உட்சுவரை ஒட்டிச் சுழன்று வேரை அறுத்தது. 1933-இல் செம்மைப்பட்ட இந்த இயந்திரத்துக்கு ரோட்டோ-ரூட்டர் என்ற பெயரை வைத்தவர் அவருடைய மனைவி.

அப்போது அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் இருந்தது. பிளாங்க் தம் இயந்திரங்களை 250 டாலர் விலையில் விற்றார். வாங்கியவர்களில் பலர் வேலை இழந்தவர்கள். இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் தொழில் செய்தார்கள். வீட்டுச் சாக்கடை அடைப்பு நீக்குவது குழாய்ப் பணியாளரின் பல வேலைகளில் ஒன்றாக இருந்த நிலை மாறி, அதற்கென்றே ஒரு தொழில் உருவானது. முற்றத்தைக் கிழிக்காமல் சில மணி நேரத்தில் நீர் ஓடத் தொடங்கியது மக்களுக்குப் பெரும் நிம்மதியாக இருந்தது.

இந்த முறையின் எல்லையும் விரைவிலேயே தெரிந்தது. கிளையை வெட்டினால் மரம் பல கிளைகளாகத் துளிர்க்கிறது. வேரும் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து பல நுனிகளாகப் பிரிந்து முன்னைவிட அடர்த்தியாக வளர்கிறது. மூட்டுக்குள் இருக்கும் பகுதி தொடர்ந்து பருக்கிறது. ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுவது வழக்கமான செலவாக மாறியது. பின்னாளில் வந்த உயரழுத்த நீர்ப்பீச்சும் இயந்திரங்கள் வேரோடு கொழுப்பையும் சுத்தமாகக் கழுவின. அவையும் மூட்டைத் தொடவில்லை.

மயில்துத்தமும் நுரையும்

வேரைக் கொல்ல மயில்துத்தத்தைக் கழிவறையில் போட்டு நீரூற்றும் பழக்கம் அமெரிக்க வீடுகளில் பரவியது. இந்தச் செம்பு உப்பு தன் மேல் படும் வேரைக் கருக்கும். ஆனால் கரைசல் குழாயின் அடியில் ஓடி விரைவாகப் போய்விடுகிறது. மேற்பகுதி மூட்டுகளில் தொங்கும் வேரை அது தொடுவதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து வரும் செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. இதனால் கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சூழ்ந்த ஒன்பது மாவட்டங்களில் மயில்துத்த வேர்க்கொல்லிகள் தடை செய்யப்பட்டன.

1970-களை ஒட்டிய காலத்தில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் மெட்டாம், டைக்ளோபெனில் என்ற இரு வேதிப்பொருள்களைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறையை ஆராய்ந்தனர். முதலாவது படும் வேரைக் கொல்கிறது. இரண்டாவது புது வளர்ச்சியைத் தடுக்கிறது. இவற்றை நுரையாக்கிச் செலுத்தினால் குழாய் முழுவதும் நிரம்பி மேல் மூட்டுகளையும் எட்டுகிறது. மரம் சாகாமல் குழாய்க்குள் உள்ள வேர் மட்டும் மடிகிறது. பயிற்சி பெற்றவர்களே கையாள வேண்டிய நஞ்சு இது. அளவு மீறினால் சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்களையும் பாதிக்கும். சில ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் செலுத்தியாக வேண்டும்.

மூட்டுகளில் வந்த மாற்றம்

வெட்டுவோரும் நஞ்சிடுவோரும் பெருகிய அதே காலத்தில் குழாய் செய்வோர் மூட்டைப் பற்றிச் சிந்தித்தனர். சிமென்ட்டுக்குப் பதில் உருக்கிய தார்க்கலவையை ஊற்றும் முறை முதலில் வந்தது. அது மண் அமிழ்ந்தபோது ஓரளவு வளைந்துகொடுத்தது. காலப்போக்கில் அதிலும் வேர் வழி கண்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வீடு கட்டும் வேகம் கூடியபோது, மரக்கூழை நிலக்கரித் தாரில் தோய்த்துச் செய்த ஆரஞ்ச்பர்க் குழாய் பரவலானது. மலிவானது, எடை குறைந்தது, நீளமானது, மூட்டுகளும் குறைவு. ஆனால் குழாயின் உடலே மென்மையானது. மண்ணின் பாரத்தில் நீள்வட்டமாக நசுங்கியது. சுவரையே துளைத்துக்கொண்டு வேர் உள்ளே வந்தது. சுழலும் கத்தியைச் செலுத்தினால் வேரோடு குழாயும் கிழிந்தது. 1972-இல் அதன் உற்பத்தி நின்றது. பிரிட்டனிலும் இதே வகைத் தார்நார்க் குழாய்கள் பதிக்கப்பட்டு இதே கதியை அடைந்தன.

உண்மையான முன்னேற்றம் ரப்பர் வளையத்தால் வந்தது. 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் மண் குழாய்களுக்குத் தொழிற்சாலையிலேயே மீள்தன்மையுள்ள அழுத்த மூட்டுகள் பொருத்தப்பட்டன. பள்ளத்தில் குனிந்து பூச வேண்டியதில்லை, செருகினால் இறுகிக்கொள்ளும். அடுத்து வந்த பிவிசி குழாய்கள் பல அடி நீளமுடையவை என்பதால் மூட்டுகளின் எண்ணிக்கையே பெரிதும் குறைந்தது. இவையும் முற்றிலும் வேர் புகாதவை அல்ல. ஸ்வீடனின் மால்மோ நகரச் சாக்கடைகளில் 1990-களிலிருந்து நடந்த ஆய்வுகள் பிவிசி, கான்கிரீட் குழாய்களின் ரப்பர் மூட்டுகளிலும் வேர்களைக் கண்டன. பலவகை மரங்களும் புதர்களும் இதைச் செய்கின்றன என்பதும் தெரியவந்தது. மூட்டைச் சரியாகச் செருகுவதும், குழாயடி மண்ணைச் சீராக இறுக்குவதும் பொருளின் தரத்துக்கு இணையாக முக்கியமானவை.

தோண்டாத பழுதுபார்ப்பு

குழாய்க்குள் செலுத்தும் கேமரா பரவலானதும், மண்ணுக்கு மேலிருந்து ஊகித்த காலம் முடிந்தது. எந்த மூட்டில் வேர் இருக்கிறது, எங்கே குழாய் உடைந்திருக்கிறது, எங்கே தாழ்ந்து நீர் தேங்குகிறது என்பவற்றைத் திரையில் காண முடிந்தது.

1971-இல் எரிக் வுட் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் லண்டனின் ஹாக்னி பகுதியில் சுமார் 70 மீட்டர் நீளமுள்ள பழைய செங்கல் சாக்கடைக்குள்ளேயே ஒரு புதுக் குழாயை உருவாக்கிக் காட்டினார். ஃபெல்ட் துணியாலான நீண்ட உறையை ரெசினில் ஊறவைத்துக் குழாய்க்குள் செலுத்தி இறுகவிடுவது அவருடைய முறை. பின்னர் நிலைத்த வடிவில், நீரழுத்தத்தால் உறை உள்வெளியாகத் திரும்பியபடி முன்னேறி, ரெசின் தோய்ந்த பக்கம் பழைய சுவரில் ஒட்டுகிறது. வெந்நீரோ நீராவியோ செலுத்த, ரெசின் இறுகி மூட்டே இல்லாத குழாயாகிறது. முதல் சாக்கடையின் உறை 20 ஆண்டுகளுக்குப் பின் சோதிக்கப்பட்டபோது நல்ல நிலையில் இருந்தது. 1977-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1990-களில் காப்புரிமை முடிந்ததும் போட்டி பெருகியது. வளைவுகளும் சிறு விட்டமும் கொண்ட வீட்டிணைப்புக் குழாய்களுக்கும் இந்த முறை வந்து சேர்ந்தது.

குழாயை உடைத்துப் புதிது இழுக்கும் முறையும் பிரிட்டனிலேயே, 1970-களின் இறுதியில், பழைய வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்களை மாற்றுவதற்காக உருவானது. இரு முனைகளிலும் சிறு பள்ளம் வெட்டி, கூம்பு வடிவத் தலை ஒன்றைப் பழைய குழாய்க்குள் இழுப்பார்கள். அது பழைய குழாயை உடைத்துச் சுற்றியுள்ள மண்ணில் தள்ள, பின்னாலேயே பாலிஎத்திலீன் குழாய் வந்து அமர்கிறது. வெப்பத்தால் உருக்கி ஒட்டப்படுவதால் அதிலும் வேர் நுழைய மூட்டு இல்லை. நசுங்கிய ஆரஞ்ச்பர்க் குழாய்க்கும் உடைந்து நொறுங்கிய மண் குழாய்க்கும் இதுவே ஏற்றது. வடிவம் கெடாத குழாய்க்கு உறை போதும்.

இந்த முறைகளிலும் கவனிக்க வேண்டிய இடம் உண்டு. உறைக்கும் பழைய குழாய்க்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருக்கலாம். வீட்டிணைப்பு பொதுச் சாக்கடையைச் சேரும் சந்திப்பை மூடாவிட்டால், பழைய மூட்டில் நுழைந்த வேர் அந்த இடைவெளி வழியே நடந்து முனையில் வெளிப்படும். ஆகவே, முனைகளில் நீர் பட்டால் உப்பும் ரப்பர் வளையங்கள் வைக்கப்படுகின்றன.

யார் பொறுப்பு

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வீட்டிணைப்புக் குழாய் பொதுச் சாக்கடையைத் தொடும் இடம் வரை வீட்டுக்காரரின் பொறுப்பு. வேர் நகராட்சி மரத்தினுடையதாக இருந்தாலும் பெரும்பாலும் செலவு அவருடையது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2011 அக்டோபர் 1 முதல், வீட்டு எல்லைக்கு வெளியே உள்ள இணைப்புக் குழாய்களும் பல வீடுகள் பகிரும் தனியார் சாக்கடைகளும் தண்ணீர் நிறுவனங்களின் பொறுப்பாயின. தனித்தனி வீட்டுக்காரர் மலிவான வழியாக ஆண்டுதோறும் வேரை வெட்டிக்கொண்டிருக்க, மொத்தக் குழாயையும் பராமரிக்கும் நிறுவனத்தால்தான் மூட்டுகளை முழுமையாகச் சீரமைக்க முடியும். அந்த வகையில் இது நல்ல மாற்றம்.

பிரிட்டிஷ் பொறியியல் வழியே ஸ்டோன்வேர் எனப்படும் சுட்ட மண் குழாயும் சிமென்ட் மூட்டும் சென்னைக்கும் வந்தன. நகரின் பழைய பகுதிகளில் அவை இன்றும் மண்ணுக்கடியில் உள்ளன. மூங்கில் பிளாச்சு கொண்டு குத்தி அடைப்பு நீக்குவதும் மனிதரையே சாக்கடைக்குள் இறக்குவதும் இங்கே நெடுங்காலம் நடந்தன. பாதுகாப்புச் சாதனமின்றி மனிதரைச் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் குற்றமாக்கியது. அந்தக் கொடுமையை ஒழிக்கும் வழிகளில் ஒன்று, அடிக்கடி அடைப்பு நேராத குழாயைப் பதிப்பது.

ஏறத்தாழ 180 ஆண்டு அனுபவம் சொல்லும் முறை எளிது. முதலில் கேமராவால் பார்க்க வேண்டும். நீர் ஓடுவதற்காக வேரை வெட்டலாம், அதைத் தீர்வாகக் கொள்ளக் கூடாது. குழாய் வடிவோடு இருந்தால் உறையிட வேண்டும், உடைந்திருந்தால் மூட்டில்லாத குழாயாக மாற்ற வேண்டும், சந்திப்புகளை மறக்காமல் அடைக்க வேண்டும். புதிதாகக் குழாய் பதிப்போர் மூட்டுகளைக் குறைத்து, ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே மண்ணை மூட வேண்டும். மூட்டு சரியாக இருக்கும் வீட்டில் மரத்தை வெட்டத் தேவையில்லை.